திருமதி டும்லாவோவின் இடது கால்

படைத்தளத்தை ஒட்டிய ஓஷன்சைட் நகரத்தில் யாருடைய உதவியும் தேவைப்படாதவர்கள் சிலர் இருக்கத்தான் செய்கிறார்கள். எர்லிண்டா டும்லாவோவின் கண்ணில் படாதவரை அவர்கள் அப்படியே நிம்மதியாக வாழலாம்.

எர்லிண்டா ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் பதினேழு வருடமாக வேலை பார்க்கிறாள். உள்ளே டாக்டர் "வாயை நல்லாத் திறங்க" என்று சொன்னால், வெளியே எர்லிண்டாவின் வாய் திறந்துகொள்ளும். நோயாளிக்குத் தன்னால் ஆன ஒத்தாசை. காத்திருப்பவர்கள் முதலில் மிரளுவார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களும் திறந்து வைத்துக்கொள்வார்கள். கடைக்குப் போனால் தன் சாமான்களைத் தானே பையில் போட்டுவிட்டு, பின்னால் நிற்பவரின் சாமான்களையும் போட்டுக் கொடுப்பாள். பின்னால் நிற்பவர் இன்னும் பணம் கொடுத்திருக்க மாட்டார். தேவாலயத்தில் பாதிரியார் வேதம் வாசிக்கும்போது நடுவில் நின்றால், மூன்றாவது வரிசையிலிருந்து அடுத்த வார்த்தையை எடுத்துக் கொடுப்பாள். பாதிரியார் மூச்சு விடத்தான் நின்றிருப்பார்.

இப்படிப்பட்ட பெண்ணுக்கு அமைந்த கணவர் வெர்ஜிலியோ, இருபத்து நான்கு வருடம் கடற்படைக் கப்பல்களில் சமையல் செய்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவிக்குக் கொடுத்திருக்கும் ஒத்துழைப்பு சாதாரணமானதல்ல. ஓர் ஆரஞ்சுப் பழத்தைக்கூட அவர் தன் கையால் உரித்துத் தின்று அவள் மனத்தைப் புண்படுத்தியதில்லை.

ஒரே மகன் ரென்ஸ், வயது இருபத்திரண்டு. கடற்படையில் சேர்ந்த பிறகுதான் அவன் ஷூவுக்கு லேஸ் கட்டக் கற்றுக்கொண்டான் என்று வெர்ஜிலியோ ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். இது வீண்பழி. ஏழாம் வகுப்பிலேயே கற்றுக்கொண்டுவிட்டான்.

ரென்ஸ் கடற்படையில் மருத்துவ உதவியாளன். இரண்டு வருடம் ஆஸ்பத்திரி வார்டில் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தவனை, மரைன்கள் என்ற, கரையிறங்கிச் சண்டை போடும் படையினரோடு போய் வேலை செய்ய எட்டு வாரப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். மரைன்களுக்குத் துப்பாக்கி சொந்தம், பீரங்கி சொந்தம், தலைக்கனமும் தாராளமாகச் சொந்தம். ஆனால் அடிபட்டால் வைத்தியம் பார்க்கச் சொந்தமாக ஆள் கிடையாது. அதற்குக் கடற்படையிடம்தான் கையேந்த வேண்டும். அப்படிக் கடன் வாங்கிய பையனைப் பிறகு அவர்கள் டாக்டரைச் சுருக்கி 'டாக்' என்று செல்லமாகக் கூப்பிடுவார்கள். அந்த ஒற்றைச் சொல்லைக் கேட்பதற்காக வார்டில் வெள்ளை உடுப்பில் நடமாடிய பிள்ளைகள் எட்டு வாரம் மூட்டை சுமந்து மலை ஏறுகிறார்கள். ரென்ஸுக்கு ஒரு படைப்பிரிவில் இடமும் ஒதுக்கியாகிவிட்டது. பயிற்சியை முடித்தால் அவர்களோடு ஒகினாவா தீவுக்குப் பயணம். முடிக்காவிட்டால் அடுத்த குழுவோடு முதல் வாரத்திலிருந்து மறுபடியும் மலை. ஒகினாவாவுக்கு வேறு எவனாவது போவான்.

ஞாயிற்றுக்கிழமை பையன்களுக்கு விடுமுறை. அன்று டும்லாவோ வீட்டு கராஜில் குடும்பங்கள் கூடும். கூட்டத்துக்குப் பெயர், தலைவர், தீர்மானம் எதுவும் இல்லை, சோறு உண்டு. நிலையாக வருகிறவர்கள் பெட்டிஃபோர்டு தம்பதி. டெஸ்மண்ட், ரென்ஸோடு ஒரே குழுவில் பயிற்சி பெறுகிறவன். அவன் மனைவி ஷவான் ஜார்ஜியாக்காரி, ஆறு மாதக் கர்ப்பிணி. கார் காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்காக வீட்டிலிருந்தபடியே விபத்துக் கோரிக்கைகளை விசாரிப்பது அவள் வேலை. நாளைக்கு நாற்பது பொய் கேட்டுப் பழகிய காது.

சாப்பாட்டுக்கு முன்னால் பயிற்சி. அடிபட்டவனின் தொடையில் ரத்தத்தை நிறுத்த இறுக்குப் பட்டை கட்டுவதுதான் பாடத்தில் முக்கியம். பட்டையைத் தொடைக்கு அடியில் கொடுத்து மேலே இழுத்து, அதிலுள்ள குச்சியைத் திருகி முடுக்கி, கட்டிய நேரத்தை எழுதி, முதுகைப் புரட்டி வேறு காயம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள். இதற்கு ஓர் அடிபட்ட ஆள் தேவை. ஷவானால் தரையில் படுக்க முடியாது. வெர்ஜிலியோவை இடுப்புக்குக் கீழே யார் தொட்டாலும் சிரித்துவிடுவார். சாகக் கிடப்பவர் கெக்கெக்கென்று சிரித்தால் பயிற்சிக்குரிய கம்பீரம் இருக்காது. ஆகவே அந்தப் பொறுப்பு எர்லிண்டாவிடம் வந்தது. அவள் பாயைப் போட்டு இடது காலை நீட்டிப் படுத்துவிட்டாள்.

ரத்தத்துக்கு வெர்ஜிலியோ பொறுப்பு. சிவப்பான வாழைப்பழ கெச்சப்பில் சோயா சாஸ் கலந்து, நிறமும் பதமும் பார்த்து, மனைவியின் தொடையில் பரிமாறுவதுபோல ஊற்றுவார். எறும்பு வரும். எர்லிண்டா அசைய மாட்டாள்.

பலன் பிரமாதமாக இருந்தது. ரென்ஸ் பத்தொன்பது வினாடியில் முடித்தான். டெஸ்மண்ட் இருபத்தொன்று. கராஜே கைதட்டியது. அடிபட்டவள் எழுந்து போய் லும்பியா பொரித்தாள். அதற்குள்ளே காய்கறியும் இறைச்சியும் மட்டுமா இருந்தன? ஒரு தாயின் நிம்மதியும் சேர்த்துச் சுருட்டப்பட்டிருந்தது.

புதன்கிழமை பரீட்சை. சாயங்காலம் ஐந்து மணிக்கு ரென்ஸ் கூப்பிட்டான்.

"ம்மா, ஃபெயில் ஆயிட்டேன்."

"எதுலடா?"

"இறுக்குப் பட்டையில."

"அதெப்பிடிடா? பத்தொம்போது செகண்டு!"

"அவன் காலத் தூக்கல ம்மா."

"எவன்?"

"அடிபட்டவனாப் படுத்திருந்த மரைன். பட்டையைக் கையில வச்சுக்கிட்டு இருந்தேன். அவன் பாட்டுக்குக் கெடந்தான். நானும் பாத்துக்கிட்டே இருந்தேன். சார்ஜன்ட் வந்து, 'டும்லாவோ, பஸ்ஸுக்கு நிக்கிறியா?'ன்னு கேட்டாரு."

"பாவி! காலைக் கொஞ்சம் தூக்கிக் குடுத்தா அவனுக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

"அவனுக்கு நினைவு இல்லைம்மா. அப்பிடி நடிக்கணும்."

"நினைவு இல்லேன்னா? மனுசத்தன்மையும் இல்லாமப் போயிருமா?"

ரென்ஸ், செவ்வாய்க்கிழமை காலை இன்னொரு வாய்ப்பு தருகிறார்கள் என்றும், அதோடு சரி என்றும் சொல்லிவிட்டு வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஷவான் கராஜுக்குள் நுழைந்தபோது கையில் சாப்பாட்டுப் பாத்திரம் இல்லை. பாயை விரித்துக்கொண்டிருந்த எர்லிண்டா நிமிர்ந்தாள்.

"மிஸ் எர்லிண்டா, உக்காருங்க. நாப்பது பேர் பரீட்சைக்குப் போனாங்க. முப்பத்தெட்டு பேர் பாஸ். ஃபெயிலானது ரெண்டு பேர். என் வீட்டுக்காரரு, உங்க பையன்."

"ஆமா கண்ணு. கெட்ட நேரம்."

"ரெண்டு பேரும் இந்த கராஜ்ல படிச்சவங்க."

எர்லிண்டா உண்மையான கவலையோடு யோசித்தாள். "தண்ணியில ஏதாச்சும் இருக்குமோ?"

ஷவான் தன் போனை நீட்டினாள். போன ஞாயிறு எடுத்த வீடியோ. டெஸ்மண்டின் அம்மாவுக்கு அனுப்ப ஆசையாக எடுத்தது. இப்போது சாட்சியப் பொருளாகிவிட்டது. ஷவான் அதை மெதுவாக ஓட்டினாள். நாலாவது வினாடியில், பட்டையோடு ரென்ஸ் குனிந்ததும், நினைவிழந்த திருமதி டும்லாவோவின் இடது கால் கப்பலுக்கு வழிவிடும் பாலம்போலத் தானாக எழுந்தது. எட்டாவது வினாடியில் அவள் வலது கை வந்து பட்டையின் நுனியைப் பிடித்து மகனிடம் கொடுத்தது. பதினான்காவது வினாடியில் முதுகைப் பார்க்க அவன் தோளைத் தொடுவதற்குள் அவளே புரண்டு படுத்தாள். பதினேழாவது வினாடியில் அவன் நேரம் எழுத மறந்து விழிக்க, சாகக் கிடந்தவள் தன் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினாள்.

"இதுல யாரு டாக்டர், யாரு நோயாளின்னு எங்க ஆபீசுக்கு வந்தா, நான் உங்க பக்கம்தான் தீர்ப்பு எழுதுவேன்," என்றாள் ஷவான்.

"அது நான் செய்யல கண்ணு. காலு செஞ்சது."

"காலு யாரோடது, மிஸ் எர்லிண்டா?"

நாற்காலியிலிருந்து வெர்ஜிலியோ மனைவிக்காகச் சாட்சி சொன்னார். "அந்தக் காலை எனக்கு இருபத்தாறு வருசமாத் தெரியும்மா. நான் பெருக்கலாம்னு விளக்குமாத்தை எடுத்தாலே தூக்கிக்கும்."

"நீ என்னிக்குப் பெருக்கினே?"

"எடுத்தேன்னுதானே சொன்னேன், லிண்டா."

ரென்ஸும் டெஸ்மண்டும் சுவரோரம் குற்றவாளிகள்போல நின்றுகொண்டிருந்தார்கள். இருவரும் பரீட்சையில் செய்த பிழை ஒன்றேதான்: குனிந்து, பட்டையை நீட்டி, கால் எழுவதற்காக மரியாதையாகக் காத்திருந்தார்கள். எர்லிண்டா அவர்களை மாறி மாறிப் பார்த்தாள். தன் வாழ்நாளில் உதவி செய்து ஒருவனைக் கெடுத்துவிட்டோம் என்று அவள் நினைத்ததே இல்லை. இப்போது ஒரே மூச்சில் இரண்டு பேர்.

"இன்னிக்குக் கட்டை மாதிரிக் கெடக்கிறேன். வாங்க," என்று சிலுவை போட்டுக்கொண்டு படுத்தாள்.

ரென்ஸ் குனிந்தான்.

"தூக்கிட்டீங்க," என்றாள் ஷவான்.

"இல்லையே!"

"அதுக்கடியில ஒரு பூனை தாராளமாப் போகும்."

வெர்ஜிலியோ இருபது கிலோ அரிசி மூட்டையை உள்ளேயிருந்து உருட்டி வந்து மனைவியின் கணுக்காலில் வைத்தார். கால் அடங்கியது. உடனே கை வந்தது. கையை முதுகுக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். இடுப்பு புரண்டது. எர்லிண்டாவின் உடம்பில் உதவியை ஓரிடத்தில் அடைத்தால் இன்னோர் இடத்தில் கசிந்தது. எத்தனை பட்டை கட்டினாலும் நிற்கிற கசிவாகத் தெரியவில்லை.

"அப்பிடிப் படுத்திருக்கும்போது மனசுல என்னதான் ஓடுது, மிஸ் எர்லிண்டா?" என்று கேட்டாள் ஷவான். இப்போது விசாரிக்கிற குரல் இல்லை.

"பிள்ளைக்கு நேரமாகுதே, நேரமாகுதேன்னு ஓடுது கண்ணு. வேற என்ன ஓடும்?"

ரென்ஸ் வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்தான். முழங்கையில் மலைப்பயிற்சியில் உரசிய காயம் இருந்தது. எர்லிண்டாவின் கண் அதற்குப் போயிற்று; கை போகவில்லை, அது முதுகுக்கு அடியில் இருந்தது.

"ம்மா, நான் சொல்றதக் கேளுங்க. எங்கேயோ ஒரு மேட்டுல ஒருத்தன் அடிபட்டுக் கெடப்பான். அவனால காலத் தூக்க முடியாது. அவனுக்கும் ஒரு அம்மா இருப்பாங்க. நான் பட்டையை வச்சுக்கிட்டு முழிச்சேன்னா அவங்களுக்கு யாராச்சும் போன் பண்ண வேண்டி வரும். நீங்க எனக்கு உதவ வேண்டாம். அவங்களுக்கு உதவுங்க."

எர்லிண்டா கூரையைப் பார்த்தாள். இதுவரை யாரும் அந்தம்மாவைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்த விவகாரம் போன மாதமே முடிந்திருக்கும்.

"அந்தம்மாவுக்கு வேற பிள்ளைங்க இருக்காங்களா?"

"ம்மா!"

"சரி சரி. மூட்டையை எடு."

அரிசி மூட்டையை எடுத்தார்கள். எர்லிண்டா வாயில் ஒரு துண்டைக் கடித்துக்கொண்டாள். ரென்ஸ் குனிந்து பட்டையைத் தொடைக்கு அடியில் செலுத்தினான். போகவில்லை. இழுத்தான், மடங்கிச் சிக்கியது. கெச்சப்பில் கை வழுக்கியது. முப்பது வினாடி. வெர்ஜிலியோ பார்க்க மாட்டாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ஐம்பது. அவன் நெற்றி வியர்வை அவள் வயிற்றில் சொட்டியது. கால் சும்மா கிடந்தது. கால் மட்டும்தான் சும்மா கிடந்தது. மற்றபடி அவள் உள்ளே பத்துப் பேருக்கான வேலையைச் செய்துகொண்டிருந்தாள். எழுபது. அவன் ஒரு நொடி நிறுத்தி யோசித்தான். பிறகு தன் முழங்காலை அவள் முழங்காலுக்கு அடியில் நுழைத்து நெம்பி, கிடைத்த இடைவெளியில் பட்டையை உருவி மேலே இழுத்தான்.

இதை அவனுக்கு யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. எர்லிண்டா அதைக் கவனித்தாள். கண்ணிலிருந்து இரண்டு சொட்டு இறங்கிக் காதுக்குள் போயிற்று. ஷவான் அதை உதவியாகக் கணக்கில் எடுக்கவில்லை.

"ஒரு நிமிசம் அம்பது செகண்டு," என்று நேரத்தைச் சொன்னாள். "செத்துட்டான். மறுபடியும்."

மறுபடியும் கட்டினான். டெஸ்மண்ட் கட்டினான். கெச்சப் தீர்ந்து வெர்ஜிலியோ வெறும் சோயா சாஸை ஊற்ற வேண்டியதாயிற்று. ஒன்பதாவது தடவை ரென்ஸ் நாற்பத்தொரு வினாடி. டெஸ்மண்ட் முப்பத்தெட்டு. அன்றைக்குச் சாப்பாடு நாலு மணிக்கு. அதையும் அடிபட்டவள்தான் நொண்டிக்கொண்டே பரிமாறினாள்.

திங்கள்கிழமை அந்த நொண்டலைப் பார்த்துப் பல் மருத்துவரின் உதவியாளரான பெண் விசாரித்தாள். எர்லிண்டா பாவாடையை விலக்கி, தொடையைச் சுற்றி ஊதா நிறத்தில் கன்றியிருந்ததைக் காட்டினாள்.

"பையன் செஞ்சது," என்றாள் பெருமை பொங்க. "ஒன்பது தடவை!"

அந்தப் பெண் உடனே உள்ளே போய், வீட்டில் அடி வாங்கும் பெண்களுக்கான உதவி எண் அச்சிட்ட ஒரு சீட்டைக் கொண்டுவந்து அவள் உள்ளங்கையில் வைத்து மூடினாள். எர்லிண்டா நன்றி சொல்லி வாங்கிப் பத்திரப்படுத்தினாள். யாருக்காவது உதவும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஷவான் பல் மருத்துவமனையின் வாசலில் காரைக் கொண்டுவந்து நிறுத்தினாள். தனியாகக் காத்திருக்க முடியவில்லை என்று சொல்ல அவளுக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. இந்தப் பக்கம் வேலை இருந்தது என்றாள். இரண்டு பெண்களும் காருக்குள் உட்கார்ந்து ஆளுக்கொரு ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள், தின்னவில்லை. வடக்கே படைத்தளத்தில் பீரங்கிப் பயிற்சி. கண்ணாடி அதிரும்போதெல்லாம் எர்லிண்டா ஷவானின் வயிற்றுக்கு முன்னால் கையை வைத்துக்கொண்டாள்.

இரண்டு போன்களும் ஒரே நேரத்தில் அடித்தன. ஷவான் ஒரு வார்த்தை கேட்டாள். அப்புறம் ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்த்து அழுதாள். நெற்றி ஹாரனின் மேல் இருந்ததால் அந்த அழுகை தெருவுக்கே கேட்டது.

"ம்மா, பாஸ்! முப்பத்தேழு செகண்டு! அங்க என்ன சத்தம்?"

"ஷவான் சந்தோசப்படுறா. நல்லா இருடா தங்கம். சாப்ட்டியா?"

"இல்ல, இருங்க, கேளுங்க. ஒரு கூத்து நடந்துச்சு. படுத்திருந்தவன் போன தடவை இருந்த அதே மரைன். நான் ஃபெயிலானதப் பாத்தவன். மனசு கேக்கல போலிருக்கு. நான் பட்டையை எடுத்ததும் சார்ஜன்ட்டுக்குத் தெரியாம மெதுவாக் காலைத் தூக்குறான்."

"அடடா, ராசா!"

"எனக்கு என்ன வந்துச்சுன்னே தெரியல ம்மா. 'காலைக் கீழ போடுடா, நீ மயக்கத்துல இருக்க'ன்னு கத்திட்டேன். பயந்து போயி தொப்புன்னு போட்டுட்டான். சார்ஜன்ட் சிரிச்சுட்டாரு. 'நோயாளியோட நெலமைய இன்னும் மோசமாக்குன மொத ஆளு நீதான், டாக்'ன்னாரு."

எர்லிண்டா போனை மறு காதுக்கு மாற்றினாள். ஹாரன் நின்று, ஷவான் மூக்கைச் சிந்தும் சத்தம்.

"ம்மா? சந்தோசம்தானே?"

"அந்தப் பிள்ளையையாடா அதட்டினே?"

"ம்மா, அது பரீட்சை."

"யாரு பெத்த பிள்ளையோ! ஒருத்தன் ஒத்தாசையாக் காலைத் தூக்கிக் குடுக்கிறான், அவனைப் போயி... இப்பிடியாடா உன்னை வளத்தேன்?"

"மிஸ் எர்லிண்டா," என்று ஷவான் பக்கத்திலிருந்து சொல்லிப் பார்த்தாள், "அதைத்தானே ஞாயித்துக்கிழமை பூரா கத்துக் குடுத்தோம்?"

"கட்டுறதுக்குத்தான் கத்துக் குடுத்தோம். கத்துறதுக்கா? அவன் பேரென்னடா?"

"தெரியாது ம்மா. சட்டையில ஹோல்ப்ரூக்னு இருந்துச்சு."

"மன்னிப்புக் கேட்டு, ஞாயித்துக்கிழமை சாப்பிடக் கூட்டிட்டு வா. வராட்டி நான் வந்து கேப்பேன்."

தாய் படைத்தளத்துக்குள் வந்து ஒரு மரைனிடம் மன்னிப்புக் கேட்கும் காட்சியை ரென்ஸ் மனத்தில் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். அந்த ஞாயிறு ஹோல்ப்ரூக் வந்துவிட்டான்.

ஐடஹோவிலிருந்து வந்த பையன். காது இரண்டும் விறைத்து நிற்க, நல்ல உயரம். கராஜில் டெஸ்மண்டும் ரென்ஸும் ஆளுக்கொரு பக்கம் அவனைக் கிண்டல் செய்ய, கூச்சத்தோடு நின்றுகொண்டிருந்தான். எர்லிண்டா உள்ளேயிருந்து லும்பியா குவித்த பெரிய தட்டைத் தூக்கிக்கொண்டு, இன்னும் லேசாக நொண்டியபடியே வந்தாள். ஹோல்ப்ரூக் பார்த்தான். இரண்டே எட்டில் போய்த் தட்டைப் பிடித்துக்கொண்டான்.

"குடுங்கம்மா, நான் கொண்டுபோறேன்."

"நீ உக்காருப்பா. நான் கொண்டுவரேன்."

"பரவால்லம்மா, குடுங்க."

"இல்லப்பா, நீ விருந்தாளி."

இருவரும் சிரித்த முகத்தோடு இழுத்தார்கள். இருவர் கையும் தளரவில்லை. தட்டு நடுவில் நின்றது. ரென்ஸ் ஷவானைப் பார்த்தான். ஷவான் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு நிமிடம் தாண்டியாயிற்று.

"ஏப்பா, ரெண்டு பேருல ஒருத்தர் உதவி பண்றதை நிறுத்துங்க," என்றார் வெர்ஜிலியோ, நாற்காலியை விட்டு எழாமல். "எனக்குப் பசிக்குது."